புளியமரம் யாருடையது?

மஞ்சனூர் அரசர் குமரகண்டருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ராணி காலையில் பூந்தோட்டம் கேட்டாள். மதியத்துக்குள் ஆள் பிடித்துவிட்டார். வந்தவர் தோட்டம் போட்டுத் தரும் குத்தகைக்காரர் திருவேங்கடம்.

"வேலை நடக்கும்போது அக்கம்பக்கத்தில் சேதம் வந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார் அவை விகடர் குழைக்காதர்.

"நான்தான்! பொறுப்பு ஓலை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்" என்றார் திருவேங்கடம்.

"படித்துப் பார்த்துவிடலாமே, அரசே."

"ஓலையில் இவர் முத்திரை எவ்வளவு பெரிது, பாரும்! படிக்க வேறு வேண்டுமா?" என்று அரசர் மோதிரத்தை அழுத்திவிட்டார்.

மறுநாள் மதிலோரப் புளியமரத்தை வெட்டினார்கள். தோட்டத்துப் பக்கம் சாயும் என்றார்கள். மரத்துக்கு அது தெரியவில்லை. மதிலைத் தாண்டி, அப்பளம் விற்கும் வேலாத்தாள் வீட்டின் மேல் விழுந்தது. வீடு அப்பளமாக நொறுங்கியது. அப்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நல்லவேளை, அவள் பிள்ளைகளோடு சந்தைக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் நேரே அவைக்குள் நுழைந்தாள்.

"மழை வரப்போகுது சாமி. பிள்ளைங்கள எங்க படுக்க வைப்பேன்? வீடு எழும்புற வரைக்கும் இங்கதான்!" என்று சிம்மாசனப் படியில் மூட்டையை இறக்கினாள்.

அரசர் திருவேங்கடத்தைப் பார்த்தார். திருவேங்கடம் ஓலையின் கடைசி வரியைக் காட்டினார்.

"'எனக்குச் சொந்தமான பொருளால் வரும் சேதத்துக்கு மட்டும்.' புளியமரம் அரண்மனையுடையது. அரசர்தான் வீடு கட்டித் தர வேண்டும்."

"கோடரி உம்முடையதாயிற்றே!" என்று கத்தினார் அரசர்.

"கோடரி வீட்டின் மேல் விழவில்லையே!"

வீடு கட்டப் பணத்துக்கு அரசர் எங்கே போவார்? கஜானாவைத்தான் பூந்தோட்டம் ஏற்கெனவே விழுங்கிவிட்டதே.

குழைக்காதர் எழுந்தார். "ஓலையில் இருப்பது சரிதான். மரம் அரண்மனையுடையது. ஐயா, அது இப்போது எங்கே இருக்கிறது?"

"என் பட்டறையில். கட்டிலுக்கு அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்."

"காவலா, விலங்கு கொண்டு வா! அரண்மனை மரத்தைத் திருடியிருக்கிறார். ஐம்பது கசையடி!" என்று குரல் கொடுத்தார் குழைக்காதர்.

திருவேங்கடம் அவசரமாக ஓலையைப் புரட்டினார். "ஐயோ, திருட்டா? ஓலையின் பின்பக்கம் பாருங்கள்! 'முதல் வெட்டு விழுந்த கணமே மரம் குத்தகைக்காரருக்குச் சொந்தம்.' அது என் மரம்! என் மரம்! என் மரம்!"

"ஒரு தடவை சொன்னால் போதும்" என்றார் குழைக்காதர். "முதல் வெட்டிலேயே உம்முடையதாகிவிட்ட மரம்தான் கடைசி வெட்டில் வேலாத்தாள் வீட்டின் மேல் விழுந்திருக்கிறது. எப்போது கட்ட ஆரம்பிக்கிறீர்?"

அவையே விழுந்து விழுந்து சிரித்தது. "ரெண்டு அறையா இருக்கட்டும் சாமி" என்றாள் வேலாத்தாள்.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குழைக்காதரே, மதிலோரம் இன்னொரு புளியமரம் நிற்கிறது. வேரோடு அது உமக்குத்தான்!"

குழைக்காதர் இரண்டடி பின்வாங்கினார். "வேண்டவே வேண்டாம், அரசே! அது என் வீட்டுப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. உங்களுடையதாகவே இருக்கட்டும்."