வாளுக்குப் பார்த்த நாள்

போருக்குக் காரணம் ஒரு வெள்ளாடு. சிரிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் குன்றநாடு, அந்தக் கரையில் துறைநாடு. அந்தக் காலத்தில் ஒவ்வோர் அரசனுக்கும் ஒரு காவல் மரம் உண்டு. அதன் கிளை ஒன்றை எதிரி ஒடித்தாலும் குலத்துக்கே அவமானம் என்பார்கள். குன்றநாட்டுக் காவல் மரம் வேங்கை. அது புயலில் சாய்ந்துவிட, அரசர் புதுக் கன்று நட்டு, பால் ஊற்றி, வேலியும் கட்டினார். சித்திரையில் ஆறு வற்றியது. அக்கரை வெள்ளாடு ஒன்று மணலில் நடந்தே இக்கரைக்கு வந்து, வேலிக்குள் தலையை விட்டுக் கொழுந்தைத் தின்றுவிட்டது.

"என் குலத்தோட தலையையே கடிச்சுட்டான் துறைநாட்டான்!" என்று அரசர் சபையில் துடித்தார். கண்ணில் நீர்கூட வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அக்கரையில் உப்புத்துறை இருக்கிறது. மூன்று தலைமுறையாக அதன்மேல் இவர்களுக்குக் கண். சபையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒரு வாயாவது உப்பு என்று சொல்லிற்றா? ஆடு, ஆடு என்றே பேசிவிட்டு எழுந்தார்கள். வெட்கம் கெட்ட கூட்டம்.

வீட்டுக்கு ஓர் ஆண் படைக்கு வரவேண்டும் என்று முரசறைந்தார்கள்.

குன்றின் அடியில் செங்கணி அம்மையின் குடில். நாளும் கோளும் பார்த்துச் சொல்கிற கணியர் குடும்பத்தில் பிறந்தவள். அவள் நாள் குறித்துக் கொடுக்காமல் குன்றநாட்டுப் படை ஆற்றில் கால் வைக்காது. அவள் அப்பன் காலத்திலிருந்தே வந்த நம்பிக்கை அது. அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடன் சாத்தனுக்கோ மீசை முழுக்க நரைத்துவிட்டது. அவன் பழைய படைத்தலைவன். இடது கையில் பாதி விரல்கள் இல்லை. ஒருநாள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தவன், திரும்பிப் போகவே இல்லை.

முரசறைந்த மறுநாள் காலையில் சாத்தனின் தங்கை எயினி குடிலுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, ஆதனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்த புள்ளையை, பாதியிலயே!"

அவள் மகன் ஆதன் சாத்தனின் மடியில் வளர்ந்த பிள்ளை.

"போன சண்டைக்கு என் புருஷனைக் கொடுத்தேன். இப்ப இவனையும் கொடுன்னா, நான் என்ன படைக்குன்னே பெத்துப்போட்டு வெச்சிருக்கேனா? உன் அம்மைகிட்டச் சொல்லு. நாள் குறிக்கவேண்டாம்னு சொல்லு."

அவளை உட்காரவைத்துவிட்டு சாத்தன் உள்ளே போனான். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"போர் எதனால வருது?"

"நீதான் போனவன். நீ சொல்லு."

"முதல் சண்டை குடையால வந்தது. கோயில் திருவிழாவுல துறைநாட்டுக் குடை நம்ம குடையைவிட ஒரு சாண் உசந்து நின்னுச்சாம். அதுல என் அண்ணன் போனான். ரெண்டாவது, பொண்ணு கேட்டுக் கொடுக்கலைன்னு. அதுல எயினி புருஷன் போனான். அந்தப் பொண்ணு இப்ப வேற ஊர்ல பேரன் பேத்தி எடுத்துட்டா. இப்ப ஆடு. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், எனக்கு ஒண்ணும் புரியலை. சாகிற அளவுக்கு இதுல எது இருக்கு?"

அம்மை கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். வாசலில் ஆளரவம் கேட்டது. அமைச்சர் பெருஞ்சேந்தர் வந்திருந்தார். பின்னால் ஒருவன் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பட்டு.

"தாயே, வாளுக்கு நாள் குறிக்கணும்."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நல்ல நேரம் வரும்போது அரசரால் கிளம்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாளை யானைமேல் ஏற்றி, குடை பிடித்து, முரசு கொட்டி அனுப்பிவிடுவார்கள். வாள் கிளம்பினால் அரசரே கிளம்பியதாக அர்த்தம். அவர் பிறகு போவார். போகாமலும் இருப்பார். யார் கேட்பது?

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாளோட நட்சத்திரம் என்ன?"

அமைச்சர் சிரித்தார். "வாளுக்கு ஏது தாயே நட்சத்திரம்? அரசரோட நட்சத்திரத்துக்குப் பார்க்கிறதுதானே வழக்கம்."

"அரசர் போறாரா?"

"இப்போதைக்கு வாள்தான் போகுது."

"வாள்கூட யாரு போறாங்க?"

"படை போகும்."

"அவங்க நட்சத்திரத்தைச் சொல்லுங்க. பார்க்கிறேன்."

"விளையாடாதீங்க தாயே. அத்தனை பேருக்கும் நாள் பார்க்கிறதா?"

"வாளை யாரும் வெட்டப் போறதில்லையே, ஐயா. வெட்டுப்படப் போறவனுக்குத்தானே நாள் பார்க்கணும்?"

அமைச்சருக்கு முகம் சிவந்தது. ஆனால் என்ன செய்வார்? அவள் சொல் இல்லாமல் படை நகராது. பெண்பிள்ளை பிடிவாதம், ஒரு பொழுதில் தீர்ந்துவிடும் என்று நினைத்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"எழுந்திரு சாத்தா," என்றாள் அம்மை. "எயினியையும் கூப்பிடு."

ஆற்றங்கரைத் திடலில் படையை நிறுத்தியிருந்தார்கள். படையாம் படை! ஏர் ஓட்டுகிறவன், செக்கு ஆட்டுகிறவன், பானை வனைகிறவன். காலையில் கொடுத்த வேல்கம்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அம்மை ஒரு புன்னை நிழலில் உட்கார்ந்தாள். சாத்தன் வரிசையின் முதல் ஆளிடம் போனான்.

"உன் நட்சத்திரம் என்னப்பா?"

"தெரியாதுங்க. எங்க அம்மாவுக்குத் தெரியும்."

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும் அதையே சொன்னான். தன் மருமகன் ஆதன் முன்னால் வந்து நின்றான் சாத்தன்.

"மாமா, எனக்கென்ன தெரியும்? அம்மாவைத்தான் கேக்கணும்," என்றான் அவன்.

பக்கத்தில் நின்ற அமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மாக்காரிகளை வரச்சொல்லித் தொலைங்கப்பா. சட்டுப்புட்டுனு முடியுங்க."

ஊர் ஊராக ஆள் போயிற்று. அடுப்பை அணைத்துவிட்டும் அணைக்காமலும் வந்தார்கள்.

"இவன் ஆதிரை. களி கிண்டிக்கிட்டு இருந்தேன், வலி வந்துருச்சு. களி அடிப்பிடிச்சுப் போச்சு, இவன் பொறந்துட்டான்," என்றாள் ஒருத்தி. செக்காட்டுகிறவனின் அம்மா அவள். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவன் வெட்கப்பட்டு வேலுக்குப் பின்னால் மறையப் பார்த்தான்.

"ஐப்பசி அடைமழை. கூரை ஒழுகுது. எங்க அத்தை முறத்தைக் கவுத்து என் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டே விடியவிடிய நின்னாங்க. சுவாதி," என்றாள் அடுத்தவள்.

எயினி தன் முறை வந்ததும், "மாசி மகம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆதனின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. மற்றவர்களும் அப்படித்தான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவள் ஒருத்தியும் இல்லை.

ஒவ்வொரு பெயரையும் நட்சத்திரத்தையும் அம்மை சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். அடுத்து ஒரு கிழவி வந்தாள்.

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். ரோகிணி. பேரு நெடுவன்."

சாத்தன் வரிசையைத் தேடினான். "எந்தப் பக்கம் நிக்கிறான் பாட்டி?"

"நிக்கலை. குடைச் சண்டையில போனவன்."

"பின்ன எதுக்கு இவ்வளவு தூரம்..."

"அப்ப யாருமே கேக்கலை தம்பி. இப்பத்தானே கேக்கிறீங்க. அதான், சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

சாத்தன் அப்போதுதான் அவளை உற்றுப்பார்த்தான். நெடுவன் அவன் படையில் நின்றவன். முன்னேறு என்று சொன்னதே சாத்தன்தான். கிழவிக்கு அது தெரியுமோ தெரியாதோ, அவன் கண்ணில் நீர் முட்டியது.

"நெடுவன், ரோகிணி," என்றாள் அம்மை, மற்றவர்களைச் சொன்ன அதே குரலில்.

கிழவிக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவள் மகனும் வரிசையில் இல்லை. அவளுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். குடைச் சண்டையில் போனவர்கள், பெண் கேட்ட சண்டையில் போனவர்கள், அதற்கும் முன்னால் எதற்கென்றே மறந்துபோன சண்டையில் போனவர்கள். பெற்றவள் இல்லாத வீட்டிலிருந்து அக்கா வந்திருந்தாள், மனைவி வந்திருந்தாள். உயிரோடு நின்ற படையைவிட அந்தக் கூட்டம் பெரிதாகிவிட்டது. அடப் பாவிகளா, ஒரு சாண் குடைக்கா இவ்வளவு பேர்!

நடுவில் ஒரு பெண் தயங்கித் தயங்கி ஆற்று மணலிலிருந்து ஏறி வந்தாள். சேலைக்கட்டைப் பார்த்தாலே அக்கரைக்காரி என்று தெரிந்தது. இரண்டு பேர் வேலை நீட்டினார்கள்.

"எம்மவன் அந்தப் பக்கம் நிக்கிறான்," என்றாள் அவள். "இங்க நட்சத்திரம் கேக்கிறாங்கன்னு சொன்னாங்க. அங்க யாரும் கேக்கலை."

"சொல்லும்மா," என்றாள் அம்மை.

"அனுஷம்."

வேலை நீட்டியவர்களில் ஒருவன், "எனக்கும் அனுஷந்தான்," என்றான். சொல்லிவிட்டு வேலைக் கீழே இறக்கினான்.

உச்சி வேளை நெருங்கியபோது அரசரே வந்துவிட்டார். பின்னால் யானை, யானைமேல் பட்டு, பட்டின்மேல் வாள்.

"ஒரு நேரம் கேட்டேன், தாயே. சந்தையைக் கூட்டி வெச்சிருக்கீங்க!"

"இன்னும் உயிரோட இருக்கிறவங்க பக்கமே முழுசா வரலை ராசா. செத்துப்போனவங்களே முடியலை."

"செத்தவனுக்கு எதுக்கு நாள்? உங்க அப்பன் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள நாள் குறிச்சுக் கொடுத்தவர். ஒரு நாளாவது தப்பினதுண்டா?"

"தப்பவே இல்லை. எங்கப்பன் வாளுக்குப் பார்த்தார். வாள் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்துருச்சு. இதோ, யானைமேல இருக்கு. நெடுவன் வரலை."

அரசருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அரண்மனைச் சோறு தின்கிற வேறொரு கணியனைக் கூடவே அழைத்து வந்திருந்தார். "நீ சொல்லுய்யா!" என்றார். அவன் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இந்த உச்சி வேளையே உத்தமம் மகாராசா," என்று குனிந்தான்.

முரசு முழங்கியது. குடை விரிந்தது. வாளைச் சுமந்த யானை ஆற்று மணலில் இறங்கி நடந்தது. பின்னால் ஒருவரும் போகவில்லை.

"சாத்தா!" அரசர் கத்தினார். "நீ முன்னால நட. நீ நடந்தா இவனுங்க வருவானுங்க. பழைய பதவி உனக்குத்தான். உன் மருமகனை என் பக்கத்துலயே வெச்சுக்கிறேன், அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

எயினி அண்ணனைப் பார்த்தாள். மகன் பிழைத்துக்கொள்வான். அண்ணன் ஒரு அடி எடுத்துவைத்தால் போதும். அவள் எதுவும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெற்றவள்தானே, எப்படிச் சொல்வாள்? சாத்தன் அம்மையைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பாடு என்று விட்டுவிட்டாள். அவன் நெடுவனின் அம்மாவைப் பார்த்தான். செக்காட்டுகிறவனைப் பார்த்தான். அவனுக்கு யார் தம் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள்?

சாத்தன் அந்தச் சுடுமணலிலேயே உட்கார்ந்தான்.

ஆதன், அம்மாவின் கையைப் பிடித்தபடியே, மாமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு செக்காட்டுகிறவன் உட்கார்ந்தான். பிறகு வரிசை முழுவதும் உட்கார்ந்தது. அம்மாக்கள் நின்றார்கள். அரசர் வாளை உருவப் போனார். இடுப்பில் வெறும் உறைதான் இருந்தது.

யானை நடு ஆற்றில் நின்று திரும்பிப் பார்த்தது. பாகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்ன பண்ணீங்க என் படையை?" அரசர் செங்கணி அம்மையின் முன்னால் வந்து நின்றார். குரல் உடைந்திருந்தது. "வாள் அங்க தனியா நிக்குது. அக்கரைக்காரன் பார்த்துக்கிட்டு இருக்கான். என் மானம் போகுது. இப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க!"

அம்மை எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள்.

"நாள் பார்த்தது வாளுக்குத்தானே, ராசா? அது போகட்டும். போய் வெட்டிட்டு வரட்டும். நாங்க இங்கயே இருக்கோம்."