அடங்காத டிஸ்க் விளக்கு

பஸ் கம்பெனி சர்வரில் மூன்று நாளாக டிஸ்க் விளக்கு விடாமல் மின்னியது. முன்பதிவு ஊர்ந்தது.

“யாரோ டிஸ்க்கைக் குடையறாங்க. சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பிடி, இல்லேன்னா வேலையை விட்டுப் போ,” என்றார் மேனேஜர் ஏகாம்பரம்.

தற்காலிக ஆபரேட்டர் செண்பகவல்லி, சர்வரிடம் தகவல் கேட்டு ஓடிக்கொண்டிருந்த பதினேழு குவெரிகளும் டிஸ்க்கிலிருந்து எவ்வளவு படிக்கின்றன என்று பார்த்தாள். பதினாறு கொஞ்சம்தான் படித்தன. ஒன்று மட்டும் ஐந்து நொடிக்கொரு தடவை நாற்பத்திரண்டு லட்சம் டிக்கெட்டையும் முதலிலிருந்து எண்ணியது. அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்றும் பார்த்தாள்.

“ஆள் கிடைச்சாச்சு சார். பெரிய இடம், சொல்லப் பயமா இருக்கு.”

“எவனா இருந்தா என்ன? வயரைப் பிடுங்கு!” என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

அவள் நேரே அவர் அறைக்குப் போனாள். வருகிறவர்கள் வியக்கட்டும் என்று அவர் மாட்டியிருந்த, ‘இதுவரை விற்ற டிக்கெட்’ எண்ணிக்கை காட்டும் பெரிய டிவியின் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினாள். விளக்கு அடங்கியது.

“இனிமே தினம் காலையில அந்த எண்ணிக்கையை நானே எழுதி ஒட்டிடறேன் சார்,” என்றாள்.