சாணைக் காசு

திருப்பூரில் பனியன் தைக்கும் பேச்சியம்மாள், கைப்பேசி விளையாட்டு ஒன்றில் நிஜக் காசு கொடுத்து ஒரு வாள் வாங்கினாள். நெட் போனால் விளையாட்டே திறக்காது. வாளும் கண்ணில் படாது. வெறுத்துப்போய் அதைத் தோழிக்கு விற்றாள். உடனே விளையாட்டுக் கம்பெனி அவள் கணக்கை முடக்கியது.

விளையாடுபவர்களுக்காகக் கம்பெனி கோவையில் நடத்திய கூட்டத்துக்கே போய் நியாயம் கேட்டாள்.

"வாள் கம்பெனியோடது. நீ வித்தது திருட்டு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு!" என்று மேடையிலிருந்து முழங்கினார் முதலாளி சந்திரமௌலி.

பேச்சியம்மாள் விடவில்லை. "அப்போ நான் காசு குடுத்தது எதுக்கு சார்?"

"வாளைக் கையில வச்சு விளையாடறதுக்கு."

"நெட் போனா கையிலயும் இல்லையே?"

"அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

அவள் ஒன்றும் புரியாதவளாய்த் தலையாட்டினாள். "கடைசியா ஒண்ணு சார். விளையாட்டுல வாள் மழுங்கினா சாணை பிடிக்கக் காசு கேக்குதே, அதை யாரு கட்டணும்?"

"இதென்ன கேள்வி? வாள் யாரோடதோ அவங்கதான்!"

"அப்போ இத்தனை நாளா நான் கட்டின சாணைக் காசைத் திருப்பிக் குடுங்க சார். மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

கூட்டம் முழுக்க, "எங்களுக்கும்!" என்று எழுந்து நின்றது.

முதலாளி குழம்பிப்போய், மேடையில் பக்கத்திலிருந்த கம்பெனி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"வாள் உன்னோடதுதாம்மா, உட்காரு" என்றார் முதலாளி.