பன்னிரண்டு என்று தட்டுங்கள்

“பதினோரு தடவை எழுதிட்டேன். பதினோரு தடவையும் திருப்பிக் குடுத்துட்டீங்க. தப்பு எங்கேன்னு ஒரு தடவையாவது சொல்லக் கூடாதா மேடம்?” என்று கேட்டார் சாத்தப்பன்.

மாதங்கி தாளுக்காகக் கையை நீட்டினார்.

சாத்தப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மாதங்கிக்கு இருபத்தொன்பது. மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதக் கற்பதற்காக அவர் மாதங்கியிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது.

மாதங்கி உருவாக்கிய கருவி சிறியது. அவர்கள் பகுதியில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் வகுப்பு நேரங்கள் நாளுக்கு நாள் மாறும். கைபேசியில் ஒரு வரி தட்டினால், எந்த வகுப்பு எத்தனை மணிக்கு என்று கருவி எடுத்துத் தரும். அதற்கு ஒரே ஒரு பக்கம் குறிப்பு எழுத வேண்டும்.

“இது பன்னிரண்டாவது” என்று தாளை மேசைமேல் வைத்தார் சாத்தப்பன்.

அதன் பிரதியை, வருபவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, முந்தின நாளே கூடத்துக்கு அனுப்பிவிட்டதை அவர் சொல்லவில்லை.

மாதங்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

‘நீர்ப்பயிற்சி 12 என்று தட்டுங்கள்’ என்றிருந்தது.

தட்டினார்.

‘மாலை 4.00’ என்று வந்தது.

அப்போது மணி மூன்றரை. மாதங்கி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்கே மேடம்?”

“நீர்ப்பயிற்சிக்கு.”

“அது நான் உதாரணத்துக்குப் போட்ட தேதி. இன்னிக்குப் பத்தொன்பது. வகுப்பு காலையிலேயே முடிஞ்சிருக்கும்.”

“இந்தப் பக்கத்துல தேதின்னு எழுதலையே சார்.”

மூன்று தெரு நடந்தார்கள். நல்ல வெயில். கூடத்தின் நீச்சல் குளத்துக் கதவு பூட்டியிருந்தது.

மாதங்கி படியில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கதவையே பார்த்தார்.

சாத்தப்பன் அந்த முகத்தில் கேலியைத் தேடினார். இல்லை. அந்தக் கருவியின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் மாதங்கி. பன்னிரண்டு தேதியைக் குறிப்பது தெரிந்ததற்கான சுவடே முகத்தில் இல்லை. வகுப்புக்கு வந்த ஒருத்தி, கதவு திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

சாத்தப்பனும் படியில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஊன்றுகோலுடன் ஒரு பெண் இறங்கினார். தோளில் துண்டு. கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

“பூட்டியிருக்கா? நீங்களும் நாலு மணி கிளாஸுக்கா?”

“ஆமா” என்றார் மாதங்கி.

சாத்தப்பன் மெதுவாகச் சொன்னார்: “கிளாஸ் காலையிலேயே முடிஞ்சு போச்சும்மா.”

அந்தப் பெண் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்தார்.

“என் பேர் ரெஜினா. பஸ் கண்டக்டர். முழங்கால்ல ஆபரேஷன். நிக்க முடிஞ்சாத்தான் எனக்கு வேலை. மூணு தடவை வராட்டி கிளாஸ்ல என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ரெண்டு தடவை காய்ச்சல்ல போச்சு. இது மூணாவது.”

“அந்தப் பன்னிரண்டு ஒரு தேதி...” என்று இழுத்தார் சாத்தப்பன்.

“தேதியா? பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிற மாதிரி குளத்துக்கும் நம்பர்னு நெனச்சேன். எழுதினவர் பெரிய படிப்பாளியா இருப்பார். அவருக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு விட்டுட்டார்.”

சாத்தப்பன் மாதங்கியைப் பார்த்தார்.

பக்கம் வெளியே போனது மாதங்கிக்குத் தெரியாது. யாரையும் அவர் கேட்கவில்லை. எழுதியிருந்ததை மட்டும் செய்தார். அது அவரை இந்தப் படிக்கு, இந்த மணிக்கு, இந்தப் பெண்ணின் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

சாத்தப்பன் எழுந்து கூடத்தின் அலுவலக அறைக்குப் போனார்.

“ரெஜினா வராதது அவங்க தப்பில்லை. அந்தப் பக்கத்தை எழுதினவன் நான். சரி பார்க்காம அனுப்பினவனும் நான்தான்.”

பதிவேட்டில் ரெஜினாவின் பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் குறியை அலுவலர் அடித்து நீக்கும்வரை அங்கேயே நின்றார்.

திரும்பி வந்து, ரெஜினாவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“உங்க இடம் போகலை. எழுதினவன் நான்தாம்மா.”

“ஐயோ, உங்களையா சொன்னேன்?”

“இன்னும் சொல்லுங்க. முதல் வரியிலேருந்து வாசிங்க. எங்கே புரியலையோ அங்கே நிறுத்துங்க.”

ரெஜினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார். முதல் வரியை வாசித்தார். நிறுத்தினார்.

மாதங்கி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பதின்மூன்றாவதை எப்போ கொண்டு வரட்டும் மேடம்?”

மாதங்கி ரெஜினாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“என்கிட்ட எதுக்கு சார்?”