பூதம் தட்டிக்கொடுத்த முதுகு

வளசரவாக்கத்தில் ஒரு மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், உருப்படாத படங்களை மட்டும் தேடிப்பிடித்துப் போடுவார்கள். படம் பாட்டுக்கு ஓடும். முன்வரிசையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கிண்டல் செய்துகொண்டே வருவார். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்தக் கலைக்கும் ஒரு குரு இருந்தார். பெயர் ரூபாவதி. வெளிநாட்டுப் பேய்ப் படங்களுக்குத் தமிழில் அலறிக்கொடுத்துப் பிழைத்தவர். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிஷ்யர் மாசிலாமணி டீச்சரைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் இங்கே வந்து சேர்ந்தவர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் தன் பக்கத்திலிருந்து மைக்கை நீட்டும்போது மட்டும் சிஷ்யர் பேசலாம். என்றைக்கு டீச்சர் சிரிக்கிறாரோ அன்றைக்கு மைக் சிஷ்யருக்குச் சொந்தம். ஹாலே குலுங்கினாலும் டீச்சர் சிரிக்கமாட்டார். ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பிறகு மாசிலாமணி திரையைப் பார்க்காமல் டீச்சர் முகத்தைத்தான் பார்ப்பார். பல வருஷங்களாக அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய தமிழ்ப் படம் கிடைத்திருந்தது. மூடிப்போன தியேட்டர் ஒன்றின் கிடங்கில் இருந்த பிரதி. உலகம் அழிந்துவிட்டது, கடலிலிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து மிச்சமிருக்கும் மனிதர்களைத் தின்கிறது. இடிந்த சென்னையை அட்டையில் செய்திருந்தார்கள். காற்றடித்தபோது கலங்கரை விளக்கம் ஆடியது.

மாசிலாமணிக்கு அன்று நாக்கு நன்றாகப் புரண்டது. தெருவிளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, உலகமே போயிடுச்சு, கரண்ட் பில் யார் கட்டுறாங்க என்றார். பூதத்தின் முதுகில் ஜிப் தெரிந்தது. ஒரு டெய்லர் மட்டும் தப்பிச்சிருக்கார் போல என்றார். ஹால் அதிர்ந்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் பூதம் இடிபாடுகளுக்குள் ஒரு சின்னப் பெண் குழந்தையைக் கண்டுபிடித்துத் தூக்குகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. கடிக்க வாயைத் திறந்த பூதம், என்ன காரணமோ, குழந்தையின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தது.

"அம்மாவுக்கு இன்னிக்கு ஆபீஸ். பாப்பாவைத் தூங்கவைக்கிற டூட்டி பூதத்துக்கு" என்றார் மாசிலாமணி.

டீச்சர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். படம் முடிந்ததும் மைக்கை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மாசிலாமணி அதை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபிறகு, வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வந்து ஒரு விஷயம் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் பட்டுக்கரை வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக மகளோடு வந்திருந்தாராம். பெயர் எட்டியப்பன், ஸ்டண்ட் நடிகர். இத்தனை வருஷம் கழித்துத் தன் படத்தைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து வந்தாராம். பூதத்துக்குள்ளே இருந்தது தான்தான் என்று உள்ளே போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம்.

 மறுநாள் காலையில் மாசிலாமணி டீச்சரிடம் போனார்.

"நான் இல்லாததைச் சொல்லலையே டீச்சர். எல்லாம் திரையில இருந்ததுதானே?"

டீச்சர் படத்தை மறுபடியும் ஓடவிட்டார். ஆளில்லாத ஹாலில் இரண்டு பேரும் பேசாமல் பார்த்தார்கள். மாசிலாமணியின் வாய் நாலைந்து இடத்தில் தானாகத் திறந்து மூடிக்கொண்டது. சிரிக்க யாரும் இல்லாதபோது அந்த ஜிப் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

பூதம் குழந்தையின் முதுகைத் தட்டும் இடத்தில் டீச்சர் படத்தை நிறுத்தினார்.

"பூதம் எதுக்குத் தட்டுது?"

"தப்பா எடுத்துட்டாங்க. வெட்டாம விட்டுட்டாங்க."

"நேத்து நானும் அப்படித்தான் நெனச்சேன். போய்க் கேட்டுட்டு வாங்க."

எட்டியப்பனின் வீடு வடபழனியில் ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் மாசிலாமணியைக் கண்டதும் எழுந்து நின்று கைகுலுக்கினார். கோபமே இல்லை. மறந்துபோன படத்தை நாலு பேர் பார்த்ததே பெரிசு என்றார். அந்த டெய்லர் ஜோக்கை அவரே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். மாசிலாமணிக்கு அங்கேயே காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. வந்தவருக்கு சோடா வாங்கி வருகிறேன் என்று, தடுத்தும் கேட்காமல், எட்டியப்பன் தெருவில் இறங்கிப் போனார்.

மகள் செவ்வந்தி கதவருகே வந்து நின்றாள். மாசிலாமணி அவளிடம்தான் கேட்டார், அந்தப் பூதம் ஏன் தட்டியது என்று.

"அந்தக் குழந்தை நான்தான் சார்."

மாசிலாமணி அவளையே பார்த்தார்.

"உள்ள இருக்கறது அப்பான்னு எனக்குத் தெரியாதாம். அந்த மூஞ்சியைப் பாத்துக் கதறிட்டேனாம். முகமூடியோட அவரால பேச முடியல. நான்தாம்மான்னு சொல்றதுக்காகத் தட்டியிருக்கார். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அவர்தான் சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருப்பார், படம் கிடைச்சா உனக்குக் காட்டறேன்னு."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். ஹாலுக்கு இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், யாரும் வாயைத் திறக்காமல் அந்தப் படத்தைப் போடுகிறோம் என்றார்.

"அந்த இடம் வந்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இப்பப் பாரும்மான்னார். நீங்க பேசினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க." செவ்வந்தி தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "நானும் சிரிச்சுட்டேன் சார். அவர் கையை எடுத்துக்கிட்டார்."

தெருவில் எட்டியப்பன் சோடா பாட்டிலோடு வந்துகொண்டிருந்தார். கடையில் குளிர்ச்சியாக இல்லை, பக்கத்துத் தெருவரை போனேன் என்றார். மாசிலாமணி அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அன்று மாலை அவர் நடந்ததையெல்லாம் டீச்சரிடம் சொன்னார். பிறகு பையிலிருந்து மைக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது எனக்கு வேணாம் டீச்சர். நீங்களே எடுத்துக்குங்க."

டீச்சர் மைக்கை எடுத்து, வயரை நிதானமாகச் சுற்றி, அலமாரியில் வைத்து மூடினார். 

"உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு மைக்காவது இருந்துச்சு" என்றார். "நான் சிரிச்ச சிரிப்பை எங்க கொண்டுபோய்க் கொடுப்பேன்?"