நாலு நெளிகோடுகள்

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆவாரி என்ற சிலந்திக்கு ஓர் அநியாயம் நடந்தது. அவள் பின்னிய பின்னலுக்குக் கீழே அடுத்தவர் பெயரைப் போட்டார்கள். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆவாரியும் தன்னிடமே அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். பதில் கிடைக்காமல் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

குளக்கரையில் இரண்டு ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே அவள் வலை இருந்தது. அது வயிற்றுப்பாட்டுக்கு. பூச்சி விழும், சுருட்டுவாள், சாப்பிடுவாள். வெயில் ஏறிப் பூச்சிகள் நிழலுக்கு ஒதுங்கியதும், அடிக்கிளையில் உட்கார்ந்து வேறொன்று பின்னுவாள். ஒட்டாத நூலில், எதையும் பிடிக்காத பின்னல். ஓட்டைகளைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த ஓட்டைகளையே பூவாகவும் மீனாகவும் ஆக்கிவிடும் வேலை. இன்று நாம் அதை லேஸ் என்கிறோம். எதற்காகப் பின்னுகிறாய் என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முடிந்ததும் காற்றில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு சுகம்.

அந்தச் சுகம் தெரிந்தவர்கள் குளக்கரையில் பலர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு பத்திரிகையும் இருந்தது. பெயர் 'இழை'. மாதம் ஒரு பூவரசிலை. ஆசிரியர், சிட்டக்கா என்ற தையல்சிட்டு. வந்த பின்னல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் போக்கைத் தன் அலகால் இலையில் துளைதுளையாகக் குத்துவாள். இலை செடிக்குச் செடி போகும். அதை அடியில் விரித்து, துளை பார்த்துப் பின்னிவிட்டு, ஓரத்தில் இரண்டு வரி கீறி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். "ஏழாம் சுற்றில் நூல் தொய்கிறதே, உங்களுக்கும் அப்படியா?" "எனக்கு நாலாம் சுற்றிலேயே தொய்ந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்." இப்படி, இலை காய்ந்து நொறுங்கும்வரை பேச்சு ஓடும். ஆவாரி தனியாகவே வாழும் பிறவி. இலை வரும் நாளில் மட்டும்தான் அவளுக்கும் ஊர் என்று ஒன்று இருந்தது.

அந்த வருஷம் முதல் முறையாகத் தன் பின்னல் ஒன்றை அவள் அனுப்பினாள். நூலை அறுக்காமல் நடுவரைக்கும் போய், அப்படியே திரும்பி வெளியே வரும் பின்னல். அந்த நடுத்திருப்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆகியிருந்தது. ஓரத்தில் தன் அடையாளமாக நெளிநெளியாக நாலு கோடு போட்டாள், பெருக்கல் குறி மாதிரி. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பக்கத்துப் பனையில் கூடு கட்டும் தூக்கணாங்குருவி. கரைக்கே அவர் அண்ணாச்சி.

இலை வந்தது. அவள் பின்னல்தான், துளைக்குத் துளை. நெளிகோடுகளை மட்டும் காணோம். கீழே 'அண்ணாச்சி பின்னியது' என்று இருந்தது. ஓரமெல்லாம் பாராட்டு: 'அண்ணாச்சி, உங்களுக்குப் பொன்னான மூக்கு!'

நாலாம் நாள் சிட்டக்கா வந்தாள். அவள் கூடு தைப்பது எப்போதும் ஆவாரியின் நூலில்தான்.

"சிட்டக்கா, அது நான் பின்னினது."

சிட்டக்காவின் அலகு திறந்தபடி நின்றது. "அண்ணாச்சி கொண்டுவந்தார்... அவரோடதுன்னு நினைச்சுட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லலையே!"

"ஓரத்துல என் அடையாளம் இருந்துச்சே?"

"அதுவா? நூல் சிக்கிக் கிடக்குன்னு நான்தான் பிரிச்சு எடுத்தேன்." கோணலாக எதைக் கண்டாலும் நேராக்காமல் இருக்க முடியாத அலகு அது. "சரி விடு ஆவாரி. வயித்துப்பாட்டுக்கா பின்னுறோம்? பொழுதுபோக்குதானே. யார் பேர் இருந்தா என்ன?"

"யார் பேர் இருந்தாலும் ஒண்ணுதான்னா, அண்ணாச்சி பேரை மட்டும் எதுக்கு அக்கா போட்டீங்க?"

சிட்டக்கா நூல் எடுக்காமலே பறந்து போனாள்.

ஆவாரி அன்றோடு லேஸ் பின்னுவதை நிறுத்தினாள். வலை மட்டும் கட்டினாள். பூச்சிகள் நிறைய விழுந்தன, நன்றாகச் சாப்பிட்டாள். வெயில் ஏறியபிறகு எட்டுக் கால்களையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதே இலை இரண்டாம் சுற்று வந்தபோது ஓரத்தில் பாராட்டு இல்லை. எல்லோரும் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: 'அண்ணாச்சி, நடுவில் எப்படித் திரும்புவது?' அண்ணாச்சி பதில் எழுதியிருந்தார்: 'பொறுமையாகத் திரும்பவும்.'

ஆவாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அவரே வந்து செடியில் உட்கார்ந்தார். கிளை வளைந்தது.

"தங்கச்சி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"அந்த நடுத்திருப்பம்..."

"உங்க பின்னல்தானே, உங்களுக்குத் தெரியாததா?"

"குத்தாதே தாயி. முதல் ஆள் பாராட்டினப்பவே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ரெண்டாவது ஆள் பாராட்டிட்டான். அப்புறம்... நல்லா இருந்துச்சு." தலையைத் தொங்கப்போட்டார். "செவ்வெறும்புக நாப்பது பேரு நடுவுல போய் மாட்டிக்கிட்டு, வெளிய வர வழி தெரியாம நிக்குறாங்க. பார்க்கப் பாவமா இருக்கு."

கோபம் போகவில்லை. ஆனால் தன் பின்னல் நாற்பது பேர் மடியில் பாதியில் நிற்பதை நினைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் இவர் பெயரே நிலைத்துவிடும். சொல்லிக்கொடுக்காவிட்டால் பின்னல் செத்துவிடும்.

"நாளைக் காலையில எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க" என்றாள்.

வந்தார்கள். எறும்புகள் வரிசையாக, பட்டுப்புழு மூச்சிரைக்க, கடைசியில் சிட்டக்கா, தள்ளி ஒரு முள்ளில். ஆவாரி தன் வயிற்றுப்பாட்டு வலையின் நடுவுக்கே ஏறினாள். தடித்த வெள்ளை நூலை இழுத்து, கடைசி எறும்புக்கும் தெரிகிற மாதிரி, மெதுவாகத் திருப்பத்தைப் போட்டாள். "இங்க இறுக்காதீங்க. தொய்யட்டும். இப்போ திரும்புங்க." எறும்புகளிடமிருந்து 'ஓ' என்று நாற்பது குரல் எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்த நடுவிலிருந்து நாலு பக்கமும் தன் நெளிகோடுகளை இழுத்தாள், பளிச்சென்று.

அண்ணாச்சி பதறினார். "ஐயோ தங்கச்சி, சாப்பாட்டு வலையில இவ்வளவு வெள்ளையாப் போட்டா பூச்சி பார்த்துடுமே!"

"பார்க்கட்டும் அண்ணாச்சி. விழாமப் போனாலும், யார் வீடுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்."

சிட்டக்கா முள்ளை விட்டுக் கிட்டே வந்தாள். நாலு கோடும் கோணல்மாணலாகத்தான் இருந்தன. அலகு ஒருமுறை துடித்தது. தொடவில்லை. ஒரு பூவரசிலையைப் பறித்து வந்து அங்கேயே உட்கார்ந்து குத்தினாள்:

'திருத்தம். சென்ற இதழில் நான் சிக்கல் என்று பிரித்தது சிக்கல் அல்ல. அது ஆவாரி. பின்னலும் அவளுடையது.'

கீழே அண்ணாச்சி தன் அலகாலேயே ஒரு சொல் குத்தினார்: 'ஆமாம்.'

ஆவாரி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "கூட்டுக்கு நூல் வேணாமா அக்கா?" என்றாள்.

அன்று முதல்தான் ஆவாரியின் வம்சத்தார் வலையின் நட்டநடுவே நாலு வெள்ளை நெளிகோடுகளைப் போட்டு, அவற்றின்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து உட்காருகிறார்கள். அந்த நூலில் ஒரு கொசுகூட ஒட்டாது. பின்னே எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை ஒரே பதில்தான்: "நான் பின்னினது."