நீர்பாய்ச்சி பலவேசத்தின் சத்தியம்

கதை முடிந்ததும் தீர்ப்பைச் சொல்லிவிடாதீர்கள்; இதில் அவசரப்பட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஆலடிக்குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுவது பலவேசத்தின் வேலை. ஆண்டுதோறும் குளம் திறக்கும் அன்று மடைக்கல்லில் கைவைத்து, ஊரறிய அவர் செய்யும் சத்தியம் இது: "மேல்மடை நனையாமல் கீழே விடமாட்டேன். கடைமடையைக் காயவும் விடமாட்டேன்."

மழை பெய்த ஆண்டுகளில் இதைக் காப்பாற்ற ஒரு சிரமமும் இல்லை. அந்த ஆண்டோ வானம் கையை விரித்துவிட்டது. குளத்தில் கிடந்தது கடைசிப் பாய்ச்சலுக்கான தண்ணீர். மேல்மடைக்காரர் நயினார் வழக்கம்போல் தன் வயலில் வரப்பு முட்ட நிறுத்தினால் அதோடு குளம் காலி. கடைமடையில் முப்பிடாதியின் நெல் பால் பிடித்து நின்றது. அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஆண்டு முழுவதும் சோறு அந்த ஒரு வயல்தான்.

"எண்ணே, இந்தத் தண்ணி வராட்டி அம்புட்டும் பதராப் போயிரும்" என்று பலவேசத்திடம் சொன்னாள்.

விடிந்ததும் பலவேசம் மடையைத் திறந்தார். சற்றுப் பொறுத்து நயினாரின் வயலுக்குள் இறங்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். மிதித்த தடமெல்லாம் தண்ணீர் ஊறி நின்றது. கரையேறியவர், வயலின் வாயை மண்வெட்டியால் அடைத்துத் தண்ணீரைக் கீழே திருப்பிவிட்டார்.

நயினாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாதி வரப்புகூட ஏறல. சத்தியத்த முறிச்சிட்டியே, பலவேசம்."

"முறிக்கல ஐயா. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்."

கூடி நின்ற ஊர்க்காரர்களோ, முறித்தாலும் ஏழைக்காகத்தானே முறித்தார், பொறுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முப்பிடாதிக்கு அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது. தண்ணீர் அவள் வயலில் ஏறிக்கொண்டிருந்தது. தன்னால் ஒரு நல்ல மனிதர் சொல் தவறிவிட்டாரே என்று அவள் சோற்றுத் தூக்குவாளியைத் திறக்காமலே வரப்பில் வைத்துவிட்டாள்.

நயினார், ஊர்க்காரர்கள், பலவேசம். இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: பலவேசம் சொன்னதே சரி. சத்தியத்தில் இருப்பது 'நனையாமல்' என்ற சொல், 'நிறையாமல்' அல்ல. தடம் பதித்த இடமெல்லாம் நீர் ஊறினால் அது நனைந்த வயல். வரப்பு முட்ட நிறுத்துவது தண்ணீர் மிகுந்த காலத்துப் பழக்கம். அதையே சத்தியம் என்று ஊரே நம்பியிருந்தது. பின்னால் அறுவடையில் நயினாருக்கு ஒரு மரக்கால் நெல்கூடக் குறையவில்லை. ஆனால் முப்பிடாதி அதுவரை காத்திருக்கவில்லை. அன்றே வயல்கரையில் பலவேசம் 'நனையாமல்' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியதுமே அவளுக்குப் போன உயிர் திரும்பியது. காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து, ஈர வரப்பிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.